இசிக் குல் ஏரிக்கரையில் உள்ள பாலிக்சி எப்படிப்பட்ட ஊர்? அங்கே ஏன் பெரிதாகத் தொழில் எதுவும் இல்லை?

கிர்கிஸ்தானில், இசிக் குல் ஏரியின் மேற்கு முனையில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பாலிக்சி. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பூம் மலையிடுக்கு வழியாக வந்தால் முதலில் எதிர்ப்படும் கரையோர ஊர் இதுதான். ஆனால் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் நிற்காமல் வடகரையில் உள்ள சுற்றுலா ஊரான சோல்பான் அத்தாவுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த இடுக்கிலிருந்து 'உலான்' என்ற மேற்குக் காற்று சீறிக்கொண்டு வரும். மழையும் சொற்பம், கிழக்குக் கரையின் பசுமையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு விசித்திரம்: தெற்கு மலைகளிலிருந்து இறங்கும் சூ ஆறு, ஊருக்கு அருகே, ஏரிக்குச் சில கிலோமீட்டர் தூரம் வரை வந்து, அதில் கலக்காமல் திரும்பி மலையிடுக்குக்குள் போய்விடுகிறது.

சோவியத் காலத்தில் இதன் பெயர் ரிபாச்சியே. 1940களின் இறுதியில் ரயில் பாதை இங்கே வந்து முடிந்தது. அதுதான் ஊரின் பொற்காலத்துக்குக் காரணம். ரயிலில் வந்த சரக்கைக் கப்பலில் ஏற்றி, சுமார் 180 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியைக் கடந்து கிழக்கு முனையில் உள்ள கராகோல் நகரின் பக்கம் அனுப்புவார்கள். உப்புக் கலந்த ஆழமான ஏரி, குளிர்காலத்திலும் உறையாது. அதனால் போக்குவரத்துக்குத் தடையில்லை. மீன் பதப்படுத்தும் ஆலையும் இருந்தது.

1991-க்குப் பிறகு சோவியத் சந்தை போயிற்று, சரக்கு லாரிக்கு மாறியது, ஆலைகள் மூடப்பட்டன. அப்புறம் மீனும் குறைந்தது. அளவுமீறிப் பிடித்ததோடு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட செவான் டிரவுட் போன்ற மீன்கள் உள்ளூர் மீன்களைத் தின்றதும் காரணம்.