ரிக்வயர்மென்ட் எத்தனை வகை? பிஸினஸ் அனலிஸ்ட் வேலை பற்றிய கேள்வி பதில்

பதினான்கு வருடமாக அனலிஸ்ட் வேலை பார்க்கிறேன்: நிறுவனத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்து, சாஃப்ட்வேர் செய்பவர்களுக்கு எழுதித் தரும் வேலை. அப்படி எழுதித் தருவதுதான் ரிக்வயர்மென்ட். வந்த கேள்விகளில் பல ஒன்றையே சுற்றிச் சுற்றி இருந்ததால் சேர்த்துத் தொகுத்துக்கொண்டேன். எடுத்துக்காட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே சிஸ்டம்தான்: ஒரு நிறுவனத்தில் ஊழியர்கள் லீவு போடும் சாஃப்ட்வேர். லீவு என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: அக்கா, மூன்று வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். அனலிஸ்டாக மாற ஆசை. படிக்க ஆரம்பித்தால் தொடக்கத்திலேயே "ஆறு மையக் கருத்துகள்" என்று வருகிறது. இது பரீட்சைக்கு மட்டும்தானா, வேலையில் ஏதாவது உதவுமா?

ஐ.ஐ.பி.ஏ. என்ற சர்வதேச அமைப்பு அனலிஸ்ட்களுக்காக வெளியிடும் பாபோக் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பில், 2015-ல், வந்த ஆறு அவை: மாற்றம், தேவை, தீர்வு, ஸ்டேக்ஹோல்டர் (மாற்றத்தோடு தொடர்புடையவர்), மதிப்பு, சூழல். மனப்பாடம் செய்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பயன்படுத்தப் பழகத்தான் நாளாகும்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்வோடுதான் வருவார்கள். "லீவு போட ஒரு மொபைல் ஆப் வேணும்." ஆறில் ஒரு பெட்டி நிரம்பிவிட்டது, மற்ற ஐந்தும் காலி. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியது நம் வேலை. எதனால் வேண்டும்? ஒப்புதல் வர நான்கு நாள் ஆகிறது. யாருக்குத் தொல்லை? ஊழியருக்கு, மேலாளருக்கு, சம்பளப் பிரிவுக்கு. சரிசெய்தால் யாருக்கு என்ன லாபம்? சூழல் என்ன? பாதிப் பேர் வேலை நேரத்தில் கையில் போன் வைத்திருக்கக் கூடாத இடத்தில் வேலை செய்கிறார்கள். இந்தக் கடைசிப் பதில் வந்த உடனே மொபைல் ஆப் என்ற தீர்வே ஆட்டம் காண்கிறது, பாருங்கள். ஒன்று நகர்ந்தால் மற்ற ஐந்தையும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஆறும்.

கேள்வி: தேவை, ரிக்வயர்மென்ட் இரண்டும் ஒன்றுதானே? தமிழில் இரண்டையும் "தேவை" என்றுதானே சொல்கிறோம்?

அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. நான் பேசும்போது பிரித்துக்கொள்வேன். தேவை என்பது இருக்கிற பிரச்சினை அல்லது பிடிக்க வேண்டிய வாய்ப்பு. யாரும் எழுதி வைக்காவிட்டாலும் அது இருக்கும். ரிக்வயர்மென்ட் என்பது அந்தத் தேவையைப் பிறர் எடுத்து வேலை செய்யக்கூடிய வடிவில் நாம் பதிவு செய்தது. வாக்கியமாக இருக்கலாம், படமாக இருக்கலாம், அட்டவணையாகவும் இருக்கலாம்.

அதேபோல் ஸ்டேக்ஹோல்டரைப் "பங்குதாரர்" என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. கம்பெனியில் பங்கு வாங்கியவர் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். மாற்றத்தால் பாதிக்கப்படுகிற, அல்லது மாற்றத்தைப் பாதிக்கக்கூடிய எவரும் ஸ்டேக்ஹோல்டர்தான்.

கேள்வி: மேடம், நான்கு வகை ரிக்வயர்மென்ட் என்கிறார்கள். எது எதில் சேரும் என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். எளிதாக ஒரு வழி சொல்லுங்கள்.

யாருடைய குரலில் சொல்கிறோம் என்று பாருங்கள்.

நிறுவனமே பேசினால் பிஸினஸ் ரிக்வயர்மென்ட்: "லீவு ஒப்புதலுக்கு ஆகும் நேரம் நான்கு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைய வேண்டும்." இதில் சாஃப்ட்வேர் என்ற பேச்சே இல்லை, கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆள் பேசினால் ஸ்டேக்ஹோல்டர் ரிக்வயர்மென்ட்: "என் குழுவில் அந்த வாரம் வேறு யார் யார் லீவு என்பது எனக்குத் தெரிந்தால்தான் ஒப்புதல் கொடுக்க முடியும்" என்கிறார் மேலாளர். தீர்வு எப்படி இருக்க வேண்டும் என்பது சொல்யூஷன் ரிக்வயர்மென்ட்: "விண்ணப்பத்தைத் திறந்தால், அதே தேதிகளில் லீவில் இருக்கும் குழு உறுப்பினர் பட்டியலை சிஸ்டம் காட்ட வேண்டும்." இதற்குள்தான் ஃபங்ஷனல் (சிஸ்டம் என்ன செய்ய வேண்டும்), நான்-ஃபங்ஷனல் (அதை எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும்) என்ற பிரிவு வருகிறது. நான்காவது டிரான்ஸிஷன் ரிக்வயர்மென்ட், பழையதிலிருந்து புதியதற்குப் போகும் வழிக்கு மட்டும் வேண்டியது. அதற்குத் தனிக் கேள்வி வந்திருக்கிறது, கீழே பார்க்கலாம்.

ஒரு வாக்கியம் இரண்டாம் வகையா மூன்றாம் வகையா என்று அரை மணி நேரம் சண்டை போடும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். வீண். எந்த வகையில் ஒன்றுகூட எழுதப்படவில்லை என்று பார்ப்பதற்குத்தான் நான் இந்த நான்கையும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: நான் டெவலப்பர். "சிஸ்டம் வேகமாக இருக்க வேண்டும், எளிதாக இருக்க வேண்டும்" என்று நான்-ஃபங்ஷனல் பக்கத்தில் எழுதித் தருகிறார்கள். இதை வைத்து நான் என்ன செய்வது?

திருப்பி அனுப்புங்கள். கோபமில்லாமல்தான்.

அளக்க முடியாத வரியை டெஸ்ட் செய்யவும் முடியாது. "ஒரே நேரத்தில் 500 பேர் உள்ளே இருக்கும்போது, 100 முறையில் 95 முறையாவது லீவு இருப்பு 2 விநாடிக்குள் திரையில் வர வேண்டும்" என்றால் அதில் பிடி இருக்கிறது. சராசரி 2 விநாடி என்று எழுதினால் போதாது. பாதிப் பேருக்கு அரை விநாடியும் மீதிப் பேருக்கு மூன்றரை விநாடியும் ஆனாலும் சராசரி இரண்டுதான் வரும்.

"எப்போதும் இயங்க வேண்டும்" என்பதும் அப்படித்தான். கூட்டத்தில் ஒருவர் 99.9 சதவீதம் என்பார், எல்லாரும் தலையாட்டுவார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நின்றுபோகலாம் என்று அர்த்தம். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். அந்த ஒரு ஒன்பதைக் கூட்ட ஆகும் செலவையும் பக்கத்திலேயே வைத்தால், "லீவு சிஸ்டம் ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னா என்ன குடி முழுகிடுமா?" என்று அவர்களே கேட்பார்கள்.

எதை எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் சாஃப்ட்வேர் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 25010 தரநிலையின் தலைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 பதிப்பில் எட்டு தரப் பண்புகள், 2023 பதிப்பில் ஒன்பது. பாதுகாப்பு, நம்பகத்தன்மை, பராமரிப்பு என்று போகும். எல்லாவற்றுக்கும் எண் வேண்டியதில்லை. எதையும் கேட்காமல் விட்டுவிடவில்லை என்ற நிம்மதிக்குத்தான்.

கேள்வி: பிஸினஸ் ரூலும் பிஸினஸ் ரிக்வயர்மென்ட்டும் ஒன்றா?

இல்லை. "தொடர்ந்து 7 நாளுக்கு மேல் லீவு என்றால் 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்." இது ரூல். சாஃப்ட்வேர் வரும் முன்பும் இருந்தது, நாளை சாஃப்ட்வேரைத் தூக்கி எறிந்தாலும் இருக்கும்.

ரூலிலும் இரண்டு ஜாதி உண்டு. "மீதி லீவு என்பது கிடைத்த நாட்களில் எடுத்த நாட்களைக் கழித்தது." இது வரையறை, மீறவே முடியாது. மேலே சொன்ன 15 நாள் ரூலை மனிதர்கள் மீறலாம், மீறவும் செய்வார்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, நாளையிலிருந்து பத்து நாள் வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பார். அப்போது சிஸ்டம் என்ன செய்ய வேண்டும்? தடுக்கணுமா, எச்சரித்துவிட்டு விடணுமா, இன்னும் மேலே ஒருவரின் ஒப்புதலுக்கு அனுப்பணுமா? அந்த முடிவுதான் ரிக்வயர்மென்ட். ரூலை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டால், டெவலப்பர் தானாக ஒரு முடிவெடுத்துக்கொள்வார். அநேகமாகத் தடுத்துவிடுவார்.

கேள்வி: டிரான்ஸிஷன் ரிக்வயர்மென்ட்டுக்குத் தனிப் பிரிவு ஓவராகத் தெரியவில்லையா? டேட்டாவை மாற்றுவது டெக்னிக்கல் டீம் வேலைதானே?

நானும் அப்படி நினைத்த காலம் உண்டு. ஒரு நிறுவனத்தில் பழைய லீவுக் கணக்கு எக்செல் தாளில் இருந்தது. புது சிஸ்டத்தில் எல்லாம் அழகாக எழுதினேன். பழைய இருப்பு எப்படி உள்ளே வர வேண்டும் என்பதற்கு மட்டும் "பழைய டேட்டா மாற்றப்படும்" என்று ஒரே வரி. புது சிஸ்டம் முழு நாட்களை மட்டுமே ஏற்றது. பழைய தாளில் 11.5, 7.5 என்று இருந்ததெல்லாம் 11, 7 என்று உள்ளே போய்விட்டது. முதல் நாள் காலையிலேயே அரை நாளைத் தொலைத்தவர்கள் சம்பளப் பிரிவின் வாசலில் நின்றார்கள். அரை நாள்தானே என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்! மாற்றிய டீமைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை நாளை என்ன செய்வது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

அன்றிலிருந்து கேட்கும் கேள்விகள்: எந்தத் தேதி வரையிலான டேட்டா வர வேண்டும்? சரியாக வந்ததா என்று யார், எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? மாறும் நாளில் பாதி வழியில் இருக்கும் விண்ணப்பங்கள் என்ன ஆகும்? யாருக்கு எப்போது பயிற்சி? பழைய தாளை எந்த நாளோடு பூட்டுவது? மாற்றம் முடிந்ததும் இவை எல்லாம் காலாவதி ஆகிவிடும். அதனால்தான் தனிப் பிரிவு.

கேள்வி: அஜைலில், அதாவது சிறு சிறு பகுதியாகச் செய்து கொடுக்கும் முறையில், யூசர் ஸ்டோரி (பயனர் தனக்கு வேண்டியதைச் சொல்வதுபோல் எழுதும் சிறு குறிப்பு) மட்டும் எழுதுகிறோம். அங்கே இந்த வகையெல்லாம் வேண்டுமா?

பெயர்கள் வேண்டாம், கேள்விகள் வேண்டும். ஸ்டோரி அட்டை உரையாடலுக்கான ஞாபகக் குறிப்பு. "மேலாளராக நான்…" என்று தொடங்கும் வடிவத்தில் வேகம், பாதுகாப்பு, பழைய டேட்டா எதுவும் எளிதில் உட்காராது. அதனால் சத்தமில்லாமல் நழுவிப்போகும். அவற்றை ஏற்பு நிபந்தனையிலோ, எல்லா ஸ்டோரிக்கும் பொதுவான "முடிந்தது" வரையறையிலோ சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கிளையன்ட் எல்லாமே "கட்டாயம் வேண்டும்" என்கிறார். என்ன செய்ய?

"இது இல்லாமல் முதல் நாள் சிஸ்டத்தைத் திறக்க மாட்டீர்களா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். திறப்போம் என்றால் அது கட்டாயம் இல்லை. கட்டாயம், முக்கியம், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நான்காகப் பிரிப்பது மாஸ்கோ முறை. அதைப் பரப்பிய டி.எஸ்.டி.எம். என்ற அஜைல் முறையின் வழிகாட்டி, கட்டாயப் பகுதிக்கு மொத்த உழைப்பில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அந்த எண்ணை முதல் கூட்டத்திலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: ரிக்வயர்மென்ட்டுக்கு எண் கொடுக்கிறோம். ஒன்றை நீக்கினால் அந்த எண்ணை அடுத்ததற்குக் கொடுக்கலாமா?

கூடாது. பழைய டெஸ்ட் கேஸ், மெயில், கூட்டக் குறிப்பு எல்லாவற்றிலும் அந்த எண் பழைய அர்த்தத்தோடு கிடக்கும். "நீக்கப்பட்டது" என்று எழுதி, தேதியும் காரணமும் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்க ஒருவர் கட்டாயம் வருவார்.