கேள்வி பதில்: உயரம் போதாதா?

கேள்வி: என் மகன் வேலூரில் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டு (பந்தை எடுத்துப்போய் ஆட்டத்தை நடத்துபவர்). 5 அடி 7 அங்குலம்தான். இந்த உயரத்துக்கு எதிர்காலமே இல்லை என்கிறார்கள். உண்மையா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: இல்லைங்க. ஷேன் லார்கின் என்ற அமெரிக்கரைப் பாருங்கள். 5 அடி 11 அங்குலம். அது நமக்குப் பெரிய உயரம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் குள்ளம். அங்கே நிலையான இடம் கிடைக்காமல் 2018இல் துருக்கியின் அனடோலு எஃபெஸ் அணிக்குப் போனவர், மறு ஆண்டே ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான யூரோலீக்கில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 49 புள்ளிகள் எடுத்தார், அப்புறம் 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள், துருக்கிக் குடியுரிமையும் கிடைத்தது. என்பிஏவில் போலன்றி, ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பின்பற்றும் சர்வதேச விதிப்படி உயரமானவர்கள் கூடைக்கு அடியிலேயே காவல் நிற்கலாம், அதனால் குள்ளமானவருக்குத் தூர எறிதல்தான் உயிர். மகனை 6.75 மீட்டர் கோட்டுக்கு (மூன்று புள்ளிக் கோடு) வெளியிலிருந்து, ஓடி நின்ற வேகத்திலேயே, தினமும் எறியச் சொல்லுங்கள்.