அமெரிக்காவில் எண்ணெய்க் களிப்பாறைத் தொழில் வளர்ந்தால் எவ்வளவு தண்ணீர் தேவைப்படும்?

கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவியுள்ள கிரீன் ரிவர் படிவம் என்னும் களிப்பாறை அடுக்கில் இருப்பது எண்ணெய் அன்று, எண்ணெயாக முதிராத கெரோஜன் என்னும் கரிமப்பொருள். பாறையை வெட்டியெடுத்து உலையில் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியோ, நிலத்தடியிலேயே மின்வெப்பிகளைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் சூடேற்றியோதான் அதிலிருந்து எண்ணெயைப் பிரிக்க முடியும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2010இல் தொகுத்த மதிப்பீடுகளின்படி, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு உலை முறையில் சராசரியாக 3 பீப்பாய் தண்ணீரும், நிலத்தடி முறையில் 5 பீப்பாயும் செலவாகும். பின்னதன் வீச்சு 1 முதல் 12 பீப்பாய் வரை நீள்வதால், சராசரியை மட்டும் நம்பித் திட்டமிடுவது ஆபத்து என்றே கருதுகிறேன். மின்நிலையக் குளிரூட்டல், கச்சா எண்ணெயை மேம்படுத்துதல், பாறைச் சக்கையை நனைத்துத் தூசியை அடக்குதல், எண்ணெய் எடுத்து முடிந்த நிலத்தடிப் பகுதியைக் கழுவுதல் ஆகியவை பெருமளவு தண்ணீரைக் குடிக்கின்றன.

நாளொன்றுக்கு 10 லட்சம் பீப்பாய் உற்பத்தியை எட்ட 20 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2005இல் கணித்தது. பீப்பாய்க்கு 3 என்று வைத்தாலே அந்த அளவுக்கு நாள்தோறும் சுமார் 48 கோடி லிட்டர் தேவை. அதுவும் 1922ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ளும் கொலராடோ ஆற்றுப் படுகையிலிருந்தே வர வேண்டும். ஆனால் கணிக்கப்பட்ட வளர்ச்சி வரவில்லை: எக்சான் எண்ணெய் நிறுவனம் 1982இல் தன் கொலனி களிப்பாறைத் திட்டத்தைக் கைவிட்டதுபோல், ஷெல் நிறுவனமும் 2013இல் கொலராடோவில் இத்தொழிலிலிருந்து விலகியது.