சைபர் போலீஸின் கையை யார் கட்டியது?

கேள்வி: சைபர் திருடர்களைப் பிடிப்பதில் சட்டம், கோர்ட் என்று ஏன் இத்தனை முட்டுக்கட்டை? அரசுக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் என்ன?
- வாசகர், திருமங்கலம்

பதில்: இன்னும் எதைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 69-ஆம் பிரிவின்படி உங்கள் செய்திகளை இடைமறித்துப் படிக்கலாம், மறையாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி வைக்கும் முறையை) உடைத்துக் கொடு என்று கேட்கலாம், ஒத்துழைக்காதவருக்கு 7 வருடம் வரை சிறை. 69ஏ இணையதளத்தை முடக்க. 69பி சைபர் பாதுகாப்புக்காக இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க. இதற்கெல்லாம் முன்கூட்டி நீதிபதியின் அனுமதி வேண்டாம், துறைச் செயலாளர் மட்டத்தில் உத்தரவு போட்டால் போதும்.

கோர்ட் கையைக் கட்டுகிறது என்பதும் சரியில்லை. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, எது குற்றம் என்றே அதில் தெளிவில்லை என்பதால். அதே தீர்ப்பில் 69ஏ-யைச் செல்லும் என்றது. ஏன்? முடக்குவதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், குழு பரிசீலிக்க வேண்டும் என்று அதற்கு வரைமுறை இருந்தது.

நான் கேட்பதும் அந்த எழுத்தைத்தான். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒருவர் மல்லிகை வாங்கிவிட்டு ஜிபேயில் பணம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பணம் நாலு கை மாறி வந்த மோசடிப் பணம், எங்கோ வடமாநிலத்து சைபர் போலீஸ் வங்கிக்கு ஒரு மெயில் அனுப்ப, பூக்காரரின் மொத்தக் கணக்கும் முடங்கிவிடுகிறது, சரக்குக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய பணமும் சேர்த்து. வங்கியில் கேட்டால் போலீஸைக் கேளுங்கள் என்பார்கள். இந்த மனுஷன் என்ன தப்பு செய்தார்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் போலீஸுக்கு இந்த அதிகாரம் உண்டு, ஆனால் முடக்கியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும், எவ்வளவு தொகை என்றே சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவதை ஏற்கவில்லை.

முழு அதிகாரம் என்று நீங்கள் கேட்பது, பூக்காரருக்கு மிச்சமிருக்கும் இந்தப் பிடிமானத்தையும் பிடுங்குவதுதான். திருடனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அவன் பணத்தை எப்போதோ எடுத்துவிட்டான்.

சரி, பணம் பறிபோனால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் கணக்கை முடக்கினால், எந்த ஸ்டேஷன், எந்த வழக்கு, எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையா, ஒத்தக்கடை பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு.