எந்த ஃபில்லர் போடலாம்? தோல் டாக்டர் பதில்கள்

கன்னம் ஒட்டிப்போவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, முகத்தின் பள்ளத்தையும் கோட்டையும் நிரப்பத் தோலுக்கடியில் போடும் ஃபில்லர் ஊசி பற்றியவை. “எது அதிக நாள் தாங்கும்?” என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறீர்கள். என்னிடம் நேரில் வருகிறவர்களிடம் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: “பிடிக்காமல் போனாலோ, ஏதாவது ஆகிவிட்டாலோ, இதைத் திரும்ப எடுக்க முடியுமா?”

“எனக்கு 52 வயது. பள்ளி ஆசிரியை. சர்க்கரைக்காக உடம்பைக் குறைத்தேன். கன்னமும் சேர்ந்து ஒட்டிவிட்டது. மூக்கோரத்திலிருந்து வாய்வரை கோடு ஆழமாக விழுகிறது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ஒரு கிளினிக்கில் ஹயலூரானிக் ஆசிட் போடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில், கால்சியம் ஃபில்லர் ஒன்றரை வருடம் நிற்கும் என்றார்கள். மூன்றாவது டாக்டர் பாலி லாக்டிக் ஆசிட் போட்டால் இரண்டு வருடம் கவலையில்லை என்கிறார். எதைப் போட?” — வாசகி, திருச்சி

டீச்சர், முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று, கன்ன எலும்பின் மேல் இரண்டு விரலை வைத்து, தோலைக் காதுப் பக்கமாக மெல்ல மேலே தூக்குங்கள். வாயோரக் கோடு பாதியாவது மறைகிறதா? அப்புறம் மல்லாந்து படுத்துக்கொண்டு கைக்கண்ணாடியில் பாருங்கள். நின்றபோது தெரிந்த கோடு படுத்ததும் இளகிவிட்டால், குறை கோட்டில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. ஐம்பதைத் தாண்டும்போது கன்னத்துக் கொழுப்பு குறைகிறது, இறங்குகிறது. அடியில் எலும்பும் கொஞ்சம் தேய்கிறது. உங்களுக்கு எடை குறைந்ததில் அது சீக்கிரம் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட முகத்தில் கோட்டை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் வாயைச் சுற்றி உப்பிப்போய் முகமே மாறிவிடும். கன்னத்தில் சரியான இடத்தில் கொஞ்சம் வைத்தால் கோடு தானாகக் குறையும். எந்த மருந்து என்பதை முடிவுசெய்வதற்கு முன், எந்த இடம் என்று முடிவாக வேண்டும். மூன்று டாக்டர்களில் யாராவது உங்களைப் படுக்கவைத்தும் உட்காரவைத்தும் பார்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி மருந்துகள். ஹயலூரானிக் ஆசிட் நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருப்பது. இயல்பான நிலையில் ஊசியில் போட்டால் ஓரிரண்டு நாளில் உடம்பு கரைத்துவிடும். அதனால் அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். ரெஸ்டிலேன் என்ற பெயரில் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இந்த வகைதான். ஜூவிடெர்மும் இதே இனம். இதில் கெட்டியானது, இளசானது என்று பல தரம் உண்டு. கன்ன எலும்பின் மேல் வைக்கக் கெட்டி வேண்டும். உதட்டுக்கு இளசு வேண்டும். இடத்தையும் தரத்தையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை பலன் தெரியும். நான் இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், ஹயலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் செலுத்தினால் இது கரைந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் மேடு பள்ளமானாலும், ரத்தக்குழாயில் போய்விட்டாலும், நம் கையில் ஒரு வழி இருக்கிறது.

கால்சியம் என்று அவர்கள் சொன்னது கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட். ரேடியெஸ் என்ற பெயரில் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல்லிலும் எலும்பிலும் இருக்கும் தாதுவின் நுண்மணிகள், ஒரு ஜெல்லில் கலந்து பால்வெள்ளையாக இருக்கும். ஜெல் சில மாதத்தில் போய்விடும். மணிகளைச் சுற்றி நம் தோலே புதுக் கொலாஜன், அதாவது தோலுக்கு உறுதி தரும் புரதம், உண்டாக்கும். தாடை ஓரத்துக்கு நல்ல மருந்து. உதட்டிலும் கண்ணுக்குக் கீழேயும் போடக் கூடாது, வெள்ளை வெள்ளையாகக் கட்டி நிற்கும். சி.டி. ஸ்கேனில் தெரியும், எக்ஸ்ரேயிலும் தெரியலாம், ஆகவே பின்னாளில் பல் டாக்டரிடம் போனாலும் சொல்லிவிட வேண்டும். நான் சொன்ன நொதிக்கு இது கரையாது.

பாலி லாக்டிக் ஆசிட்டின் கதை வேறு. ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் 2004இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தபோது அழகுக்காகக் கிடைக்கவில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கன்னக் கொழுப்பு கரைந்து முகம் குழிந்துபோகும். பார்த்தவுடன் ஊருக்கே நோய் தெரிந்துவிடும் என்று அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கினார்கள். அவர்களுக்காக வந்த மருந்து இது. நம்முடைய துறை பெருமைப்படக்கூடிய வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். இது போட்ட அன்றே நிரப்பாது. போட்டவுடன் தெரியும் உப்பல் தண்ணீரால் வருவது, சில நாளில் இறங்கிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கொலாஜன் ஏறும். நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை போட வேண்டும். போட்டபின் ஐந்து நாளைக்கு, தினம் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் தேய்த்துவிடச் சொல்வோம். இரண்டு வருடம் நிற்கும் என்பது உண்மைதான். அதேபோல், முடிச்சு விழுந்தால் அதுவும் இருக்கும், உடனே கரைக்க வழியில்லை.

கல்யாணத் தேதி வைத்திருக்கும் உங்களுக்கு, அதுவும் முதல் முறை என்னும்போது, கன்னத்தில் ஹயலூரானிக் ஆசிட்தான் என் யோசனை. குறைவாக ஆரம்பியுங்கள். ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லிதான் இருக்கும். ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பார்த்து, தேவையென்றால் கோட்டுக்குக் கொஞ்சம். எல்லாம் முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் முன்பாவது முடிந்திருக்கட்டும். ரத்தக்கட்டும் வீக்கமும் வந்தால் இறங்க நாள் வேண்டும். நம் மாநிறத் தோலில் ஊசி குத்திய இடம் கறுத்தால் அது மங்கவும் நாள் ஆகும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லி முன்கூட்டியே நிறுத்தலாம். ஆனால் இதயத்துக்கு என்று எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். பல் வேலை ஏதும் இருந்தால் அதற்கும் இதற்கும் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

கல்யாணம் முடிந்து நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும்போது பாலி லாக்டிக் ஆசிட் பற்றிப் பேசலாம். அது கெட்ட மருந்து அல்ல. உங்கள் தைக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

“நாங்கள் சைவம். ஃபில்லரைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கிறார்கள், மாட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று என் நாத்தனார் சொல்கிறாள். உண்மையா?” — வாசகி, மயிலாப்பூர்

உங்கள் நாத்தனார் சொன்னது ஒரு காலத்தில் சரி. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஃபில்லர் மாட்டுக் கொலாஜன். ஒவ்வாமை வருமா என்று முதலில் கையில் சோதித்துப் பார்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து போட வேண்டும். சில மாதத்தில் கரைந்தும் விடும். சேவல் கொண்டையிலிருந்து எடுத்த ஹயலூரானிக் ஆசிட்டும் இருந்தது. இப்போது வழக்கத்தில் இருக்கும் ஹயலூரானிக் ஃபில்லர்கள் பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுப்பவை. பாலி லாக்டிக் ஆசிட்டும் கால்சியம் வகையும் ஆய்வகத்தில் தயாராகின்றன.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தர ஃபில்லர் என்று விற்கப்படும் பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக் நுண்மணிகள் மாட்டுக் கொலாஜனில் மிதக்கவிடப்பட்டவை. சைவம் என்ற காரணத்தைத் தள்ளிவைத்தாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. முகம் வருடாவருடம் மாறிக்கொண்டே போகும், போட்ட மணி அங்கேயே நிற்கும். திரவ சிலிக்கானை முகத்தில் போட்டுக்கொண்டு பல வருடம் கழித்துக் கட்டியோடு வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சையிலும் முழுதாக எடுக்க முடிவதில்லை.

“வயது 27. ஐ.டி. வேலை. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஃபில்லர் போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்று விளம்பரம் பார்த்தேன். போடலாமா?” — வாசகி, கோவை

ஜன்னலுக்கு நேராக, வெளிச்சம் முகத்தில் படும்படி நின்று, முகத்தைச் சற்று மேலே தூக்கிக் கண்ணாடியைப் பாருங்கள். கருமை பெரும்பாலும் மறைந்தால் அது பள்ளத்தில் விழும் நிழல்; அதற்கு ஃபில்லர் உதவும். அப்படியே பழுப்பாக இருந்தால், விரலால் லேசாக இழுத்தாலும் நிறம் மாறவில்லை என்றால், அது தோலின் நிறம். நம் ஊரில் பலருக்கு அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வருவது. கண்ணைக் கசக்கும் பழக்கமும் அலர்ஜியும் அதைக் கூட்டும். நிறத்தை எந்த ஃபில்லரும் மாற்றாது.

பள்ளமே என்றாலும் அங்கே தோல் மெல்லியது. ஜெல்லை மேலாக வைத்துவிட்டால் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும், கருவளையம் போக வந்தவருக்கு நீலவளையம் சேர்ந்த கதையாகிவிடும். ஹயலூரானிக் ஆசிட் தண்ணீரை இழுக்கும் என்பதால், காலையில் கண் வீங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வீக்கம் கூடும். இளசான ஹயலூரானிக் மட்டும், மிகக் குறைவாக, எலும்பை ஒட்டிய ஆழத்தில், இந்த இடத்தில் கைபழகிய டாக்டரிடம் மட்டும். 27 வயதில் முதலில் அலர்ஜியையும் தூக்கத்தையும் ரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்ப்போம்.

“என் மூக்கு நடுவில் சற்றுத் தட்டை. ஆபரேஷன் பயம். தெரிந்த பார்லரில் ஊசியிலேயே பத்து நிமிடத்தில் எடுப்பாக்கித் தருகிறார்களாம், விலையும் பாதி. டாக்டர் கிளினிக்கிலும் அதே மருந்துதானே?” — வாசகி, 24, மதுரை

வேண்டாம்மா. பார்லரில் கண்டிப்பாக வேண்டாம். ஊசி போடுவது மருத்துவம். ஃபேஷியல் செய்யும் கையால் செய்ய வேண்டிய வேலை அல்ல.

முகத்தில் ஃபில்லருக்கு மிக அபாயமான இடங்கள் மூக்கும் புருவ நடுவும் நெற்றியும். மூக்கின் மேல் ஓடும் தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியின் கிளைகளோடு சேர்ந்திருக்கின்றன. ஊசி முனை தமனிக்குள் இருக்கும்போது அழுத்தித் தள்ளினால், ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் ஏறி, அழுத்தத்தை விட்டதும் ரத்தத்தோடு சேர்ந்து விழித்திரைக்குப் போய் அடைத்துவிடும். அந்த நொடியிலேயே பார்வை போகும். விழித்திரை ரத்தமில்லாமல் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அப்படிப் போன பார்வை திரும்பியது அரிது. இது அபூர்வமாகத்தான் நடக்கிறது. ஆனாலும் ஒரு மூக்கின் எடுப்புக்கு ஈடாகக் கண்ணை வைப்பதா என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மருந்து ஒன்றே என்றாலும் அறையில் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். யாரிடம் போனாலும் கேளுங்கள்: ஹயலூரானிடேஸ் இப்போது இங்கே இருக்கிறதா? கண்ணில் காட்டச் சொல்லுங்கள். சிறிய குப்பியில் பொடியாக இருக்கும். உப்புநீரில் கரைத்துப் போடுவது. குப்பியைக் காட்டத் தயங்கும் இடத்தில் நாற்காலியில் உட்காராதீர்கள்.

ஏற்கெனவே முகத்தில் எங்காவது போட்டுக்கொண்டவர்களும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். போட்ட இடமோ அதன் அக்கம்பக்கமோ வெளுத்தாலும், வலைபோல ஊதா நிறம் படர்ந்தாலும், போகப் போக வலி ஏறினாலும், ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். நம் நிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது. கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுங்கள். அழுத்திய இடத்தில் மூன்று நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், அடுத்த கன்னத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பத் தாமதமானால் ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. இரவானாலும் போட்ட டாக்டரைக் கூப்பிட்டு உடனே போங்கள். இரண்டு மூன்று நாள் விட்டால் சீழ்க்கொப்புளம் வரும், பருவென்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள், உள்ளே தோல் செத்துக்கொண்டிருக்கும். பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கண் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

“நாலு மாதம் முன்பு உதட்டில் போட்டேன். ஒரு பக்கம் பட்டாணி அளவு கட்டி நிற்கிறது. ஊசி போட்டவர்கள் மசாஜ் பண்ணச் சொல்கிறார்கள். என்ன மருந்து என்று கேட்டால் ‘இம்போர்ட்டட்’ என்கிறார்கள்.” — வாசகி, சென்னை

‘இம்போர்ட்டட்’ என்பது மருந்தின் பெயர் அல்ல. ஃபில்லர் பெட்டிகளில் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்று டாக்டரின் பதிவேட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எழுத்தில் கேளுங்கள்.

கட்டி வலியில்லாமல், சூடில்லாமல், அப்படியே இருந்தால், போட்டது ஹயலூரானிக் என்றால், கொஞ்சம் ஹயலூரானிடேஸ் போதும். ஓரிரு நாளில் கரையும். தேனீ, குளவி கொட்டி உங்களுக்கு எப்போதாவது உடம்பு முழுக்கத் தடித்திருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த விஷத்திலும் இதே இன நொதி இருப்பதால் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும். கட்டி சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் அல்லது பல் தொற்றுக்குப் பின் திடீரென்று வீங்கியிருந்தாலோ கையே வைக்காதீர்கள், மசாஜ் அதை மோசமாக்கும். முதலில் கிருமியைக் கவனித்து, பிறகுதான் கரைப்பது.

போட்டவர்கள் ஸ்டிக்கரைத் தர மறுத்தால் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குப் போங்கள். ஸ்கேன் செய்து எந்த ஆழத்தில், எப்படிப்பட்ட பொருள் இருக்கிறது என்று ஓரளவு கணிக்க முடியும். போகும்போது கட்டணம் கட்டிய ரசீதையும், போட்ட அன்று எடுத்த போட்டோ இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.