தினமும் ஓட்டவும் டிராக் ஓட்டத்துக்கும் ஒரே கார்: எந்த இக்னிஷன் சிஸ்டம் போடுவது?

கேள்வி: ஈரோட்டில் இருந்து கேட்கிறேனுங்க. என்னிடம் கார்புரேட்டர் எஸ்டீம் இருக்கிறது, 1.3 லிட்டர், 8 வால்வு. கேம் மாற்றி, பெரிய கார்புரேட்டரும் ஹெடரும் போட்டிருக்கிறேன். தினமும் பெருந்துறைக்கு வேலைக்குப் போவது இதில்தான். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை கால் மைல் டிராக் ஓட்டத்துக்கும் எடுத்துப் போவேன். 6000 ஆர்பிஎம்முக்கு மேல் மிஸ்ஸிங் அடிக்கிறது. எம்எஸ்டி கம்பெனியுடையது மாதிரி சிடிஐ பெட்டி வாங்கலாமா, இல்லை வேறு எதுவுமா?

பதில்:

சிடிஐ பெட்டியை இப்போதைக்கு வாங்க வேண்டாமுங்க. உங்கள் காருக்கு முதலில் கரண்டு வரும் வழியையும் எர்த்தையும் சரிசெய்ய வேண்டும். அடுத்து நல்ல இண்டக்டிவ் மாட்யூலும் (காயிலிலேயே சக்தியைச் சேர்த்து ஸ்பார்க் அடிக்க வைக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) அதற்கேற்ற காயிலும். அதற்கப்புறமும் கையில் காசு இருந்தால், கிராங்கில் பல்சக்கரம் வைத்து டைமிங்கைக் கம்ப்யூட்டரில் எழுதும் முறைக்குப் போங்கள். எம்எஸ்டி பெட்டி நல்ல பொருள்தான், ஆனால் அது தீர்க்கிற பிரச்சனை உங்கள் எஞ்சினில் இல்லை.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிராக் கார் பற்றிய வீடியோக்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் வி8 எஞ்சின்கள். 8 சிலிண்டருக்கும் ஒரே காயில் என்றால் 7000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 28,000 ஸ்பார்க். ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 2.1 மில்லி விநாடிதான் கிடைக்கும். அதற்குள் சாதாரண காயில் நிறையாது. அதனால் கெபாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைத்து ஒரே அடியாகக் காயிலுக்குள் கொட்டும் சிடிஐ அங்கே தேவைப்பட்டது. உங்களுடையது 4 சிலிண்டர். அதே 7000-ல் நிமிடத்துக்கு 14,000 ஸ்பார்க்தான், இடைவெளி 4.28 மில்லி விநாடி. நல்ல காயில் நிறைய இது போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, உங்கள் மிஸ்ஸிங் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 5 மில்லி ஹென்றி காயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 6 ஆம்பியர் ஏறினால் சேரும் சக்தி 90 மில்லி ஜூல், பெட்ரோல் எஞ்சினுக்குத் தாராளம். வயரோடு சேர்த்து ரெசிஸ்டன்ஸ் 0.6 ஓம், மாட்யூலுக்குள் 1 வோல்ட் இழப்பு என்று வைத்தால், 14 வோல்ட் இருக்கும்போது 6 ஆம்பியர் ஏற 2.7 மில்லி விநாடி ஆகும். அதே காயிலுக்கு 10 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் 4.3 மில்லி விநாடி ஆகும். 7000-ல் இருக்கிற நேரமே 4.28. அதிலும் ஸ்பார்க் எரிய ஒரு பங்கு போய்விடும். ஆக, காயில் அரைகுறையாக நிறைந்தபடியே சுடுகிறது, பிளக் விட்டு விட்டு எரிகிறது. பெட்டி மாற்றாமலேயே 4 வோல்ட்டை மீட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய காரில் அந்த 4 வோல்ட் எங்கே போகிறது? பேட்டரியில் இருந்து ஃபியூஸ் பெட்டி, இக்னிஷன் சுவிட்ச், நாலு கனெக்டர் என்று சுற்றி வரும் மெல்லிய வயரில். மல்ட்டி மீட்டரை எடுங்கள். எஞ்சினை 3000-ல் ஓட விட்டு, சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையைக் காயில் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் இழப்பு இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: உங்கள் காயிலுக்குக் கம்பெனியே பாலஸ்ட் ரெசிஸ்டர் (கரண்டைக் குறைத்து விடும் தடை) வைத்திருந்தால் இழப்பு காட்டத்தான் செய்யும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். அடுத்து பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இதே சோதனை. அங்கே 0.2-ஐத் தாண்டக் கூடாது. பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கி வைத்திருப்பதுதான் நிறையக் கார்களில் குறை. பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தால் எர்த்துக்கும் பாசிட்டிவ் அளவுக்கே தடிமனான கேபிள் எஞ்சின் வரைக்கும் ஓட வேண்டும், பாடியை நம்பாதீர்கள்.

இழப்பைப் போக்க 30 ஆம்பியர் ரிலே ஒன்று போதும். பேட்டரியில் இருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் நேராக ரிலேவுக்கு, அங்கிருந்து காயிலுக்கும் மாட்யூலுக்கும். பழைய இக்னிஷன் வயர் ரிலேவைத் தூண்ட மட்டும். ஏற்கெனவே பாலஸ்ட் இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பழைய இக்னைட்டருக்கு (கம்பெனி மாட்யூலுக்கு) முழு வோல்ட்டேஜ் கொடுக்காதீர்கள், சூடாகிச் செத்துவிடும்.

இதோடு பிளக் இடைவெளிச் சோதனை ஒன்றும் செய்து பாருங்கள், காசே ஆகாது. இப்போது 1.0 மி.மீ. வைத்திருந்தால் 0.7-க்குக் குறைத்து ஓட்டுங்கள். மிஸ்ஸிங் மறைந்தாலோ இன்னும் 500 ஆர்பிஎம் தள்ளிப் போனாலோ குறை இக்னிஷனில்தான். எள்ளளவும் மாறவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், ஃப்ளோட் உயரம், வால்வு ஸ்பிரிங் பக்கம் பாருங்கள். வால்வு மிதப்பதும் (ஆர்பிஎம் ஏறும்போது ஸ்பிரிங் சமாளிக்காமல் வால்வு சரியாக மூடாமல் போவது) காதுக்கு மிஸ்ஸிங் மாதிரியேதான் கேட்கும். கேம் மாற்றிய எஞ்சினில் பழைய ஸ்பிரிங்கே இருந்தால் அந்தச் சந்தேகத்தை விடாதீர்கள்.

அடுத்தது மாட்யூல். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பல் வைத்த ரிலக்டரும் (தண்டோடு சுற்றும் இரும்புச் சக்கரம்) பிக்கப் காயிலும் (அந்தப் பல் கடப்பதை உணரும் சுருள்) இருந்தால் நல்லது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ரிலக்டருக்கும் பிக்கப்புக்கும் நடுவே 0.2 முதல் 0.4 மி.மீ. இடைவெளி வேண்டும். காந்தம் ஒட்டாத பித்தளை ஃபீலர் கேஜில் பாருங்கள். ரோட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எந்தப் பெட்டி வைத்தாலும் டைமிங் தாவிக்கொண்டுதான் இருக்கும். கோவை ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளில் வெண்கல புஷ் கடைந்து ஏற்றித் தருவார்கள். மாருதி எஞ்சினை ரேஸுக்கு இழுப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல, கரிவரதன் ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய ஊர் அது.

எளிதாகக் கிடைப்பதிலும் விலையிலும் எனக்குப் பிடித்தது ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு வந்த 4 முனை எச்இஐ மாட்யூல். டபிள்யூ, ஜி இரண்டும் பிக்கப் காயிலுக்கு. பி 12 வோல்ட்டுக்கு, சி காயில் நெகட்டிவுக்கு. அடித்தகடுதான் எர்த். ஆர்பிஎம்முக்குத் தகுந்தபடி டுவெல்லை (காயில் நிறையும் நேரத்தை) தானே கூட்டிக் குறைக்கும், கரண்டை 5.5 ஆம்பியர் வாக்கில் நிறுத்திக்கொள்ளும். அதனால் பாலஸ்ட் வேண்டாம். காயில் இரும்புச் சட்டம் வெளியே தெரியும் இ-கோர் வகை, பிரைமரி அரை ஓம் வாக்கில்.

இதில் இரண்டு தப்பு அடிக்கடி நடக்கும். மாட்யூலை வெறும் தகரத்தில் திருகிவிடுவது முதல் தப்பு. சூடு போக வழியில்லாமல் அரை மணி நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும், பெட்ரோல் அடைப்பு என்று நினைத்துக் கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். 5 மி.மீ. அலுமினியத் தகட்டில், தெர்மல் பேஸ்ட் தடவி, ஹெடருக்கு எட்ட, காற்றுப்படும் இடத்தில் மாட்டுங்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டு டிராஃபிக்கில் பானட்டுக்குள் இருக்கிற சூடு உங்களுக்கே தெரியும். இரண்டாவது தப்பு பிக்கப் வயர் இரண்டையும் மாற்றிக் கொடுப்பது. எஞ்சின் ஓடும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் தப்பாக நகரும். டைமிங் லைட்டில் குறி நடுங்கினாலோ, அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை டிகிரியில் ஸ்பார்க் விழுகிறது என்பது) ஏறவேண்டிய இடத்தில் பின்னால் போனாலோ டபிள்யூ, ஜி-ஐ மாற்றிப் பாருங்கள்.

பிளக் வயர் ஸ்பைரல் கோர் வாங்குங்கள். உள்ளே வெறும் செம்புக் கம்பி இருக்கிற வயர் வேண்டவே வேண்டாம். அதில் இருந்து கிளம்பும் இரைச்சல் மாட்யூலையும், பின்னால் கம்ப்யூட்டர் வைத்தால் அதையும் குழப்பும். பிளக் பிபிஆர்6இஎஸ் வகையில் தொடங்கி, கம்ப்ரஷன் கூட்டியிருந்தால் 7. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, சில கம்பெனிகளில் தலைகீழ். அலுமினிய ஹெட் என்பதால் எஞ்சின் ஆறிய பின் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. இடைவெளி 0.9-ல் வைத்து, மிஸ்ஸிங் இல்லாவிட்டால் 1.0.

சிடிஐ யாருக்கு வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். டர்போ, நைட்ரஸ், மெத்தனால், மிக அதிகக் கம்ப்ரஷன், அல்லது பெரிய ஜெட்டால் பிளக் கரி பிடித்துக்கொண்டே இருக்கும் எஞ்சின். சிடிஐயின் வோல்ட்டேஜ் மிக வேகமாக ஏறுவதால் கரி பிடித்த பிளக்கையும் சுட்டுவிடும். ஆனால் ஸ்பார்க் எரியும் நேரம் ரொம்பக் குறைவு. இண்டக்டிவில் 1 மில்லி விநாடிக்கு மேல் எரிவது இங்கே அதில் சிறு பங்குதான். பெருந்துறை ரோட்டில் பாதி ஆக்ஸிலேட்டரில் மெலிந்த கலவையோடு போகும்போது நீண்டு எரியும் ஸ்பார்க்தான் நல்லது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் எம்எஸ்டி 3000 ஆர்பிஎம் வரைக்கும் கிராங்கின் 20 டிகிரிக்குள் பல ஸ்பார்க் அடிக்கிறது.

ஒருவேளை உங்களிடம் எம்எஸ்டியின் டிஜிட்டல் 6ஏஎல் பெட்டி ஏற்கெனவே இருந்தால் வீணாக்க வேண்டாம். தடித்த சிவப்பும் கறுப்பும் நேராகப் பேட்டரிக்கு, மெல்லிய சிவப்பு இக்னிஷன் சுவிட்சுக்கு, ஆரஞ்சு காயில் பாசிட்டிவ், மெல்லிய கறுப்பு காயில் நெகட்டிவ். காயிலில் இந்த இரண்டு வயரைத் தவிர வேறு எதுவும் தொடக் கூடாது. டாக்கோமீட்டரைச் சாம்பல் வயரில் எடுங்கள். காயில் முனையில் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள், கையும் படக் கூடாது, 500 வோல்ட்டுக்கு மேல் அங்கே நிற்கிறது. 4 சிலிண்டருக்குச் செட் செய்ய மறந்தால் ஆர்பிஎம் லிமிட்டர் தப்பான வேகத்தில் ஸ்பார்க்கை வெட்டும். சாவியை அணைத்தும் எஞ்சின் ஓடினால் சார்ஜ் லைட் வழியாகக் கரண்டு திரும்பி வருகிறது, அந்த வயரில் டயோடு ஒன்று வையுங்கள்.

இனி டைமிங். ஒரு காரையே ரோட்டுக்கும் டிராக்குக்கும் வைத்திருப்பவருக்கு ஸ்பார்க்கின் பலத்தை விட அது விழும் நேரம்தான் பெரிது. பவர் கூடுவதும் பிஸ்டன் ஓட்டையாவதும் இங்கேதான். முதலில் கிராங்க் புல்லியில் டிகிரி குறியுங்கள். விட்டம் 140 மி.மீ. என்றால் சுற்றளவு 440, ஒரு டிகிரிக்கு 1.22 மி.மீ., 30 டிகிரி 36.7 மி.மீ. தள்ளி வரும். நம்பர் 1 பிஸ்டன் உச்சியை பிளக் ஓட்டை வழியாகச் சரிபார்த்த பின்பே குறியை நம்புங்கள். வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு 4000-ல் மொத்த அட்வான்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் மாதிரி 8 வால்வு எஞ்சினில் 28-ல் தொடங்கி 32 வரைக்கும் போய்ப் பார்க்கலாம், கம்ப்ரஷன் கூட இருந்தால் அதற்குள்ளேயே நிற்க வேண்டும். அப்புறம் வேக்வம் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். ரேஸ் கார் என்று சொல்லி அதை அடைத்து வைப்பது பெட்ரோலையும் சூட்டையும் கூட்டும். முழு ஆக்ஸிலேட்டரில் வேக்வமே இருக்காது, ஆகவே டிராக்கில் அதனால் நட்டமில்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அட்வான்ஸைக் கூட்டும் கவர்னர் எடையும் ஸ்பிரிங்கும் ஓரளவுக்குத்தான் வளையும். அதைத் தாண்ட வேண்டுமானால் கிராங்க் புல்லியில் 36-1 சக்கரம் (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று இல்லாதது) வைத்து, ஸ்பீடுயினோ மாதிரி திறந்த வடிவமைப்பு இசியூவை (எஞ்சின் கம்ப்யூட்டரை) இக்னிஷனுக்கு மட்டும் பயன்படுத்தலாம். பெட்ரோல் கார்புரேட்டரிலேயே இருக்கட்டும். 4 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில் லேசர் கட்டிங் செய்து, லேத்தில் நடு ஓட்டையைப் புல்லிக்குப் பொருத்திக் கடையச் சொல்லுங்கள். சுற்றும்போது 0.25 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது, சென்சார் இடைவெளி 0.75 முதல் 1 மி.மீ. சென்சார் பிடிப்பு எஞ்சின் பிளாக்கிலேயே இருக்க வேண்டும், பாடியில் வைத்தால் எஞ்சின் அதிர்வில் சிக்னல் கெடும். 1-4, 2-3 என்று இரட்டைக் காயில் பேக் போட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியே வேண்டாம். ஒவ்வொரு காயிலுக்கும் 7000-ல் 8.5 மில்லி விநாடி கிடைக்கும், ஸ்பார்க் பஞ்சம் பற்றிய பேச்சே முடிந்தது. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு மழையில் ஏறினாலும் மூடிக்குள் ஈரம் புகுந்து நிற்கும் வேலை இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொண்டே அட்வான்ஸை மட்டும் இசியூவுக்குக் கொடுப்பதானால் ரோட்டரின் நிலையைக் கவனியுங்கள். கிராங்கில் 20 டிகிரி மாறினால் ரோட்டருக்கும் மூடியின் முனைக்கும் 10 டிகிரி விலகும். பழைய மூடி ஒன்றில் நம்பர் 1 முனைக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு டைமிங் லைட் அடித்தால் ரோட்டர் எங்கே நிற்கிறது என்று தெரியும். முனையை விட்டு விலகியிருந்தால் ஸ்பார்க் தாவித் தாவி மூடிக்குள் கரிக்கோடு விழும்.

டூ-ஸ்டெப் லிமிட்டரை (ஓட்டம் கிளம்பும்போது ஆர்பிஎம்மை ஒரே அளவில் பிடித்து வைப்பது) கிளட்ச் சுவிட்சோடு இணைத்து 4000-ல் தொடங்குங்கள், டயர் பிடிக்கும் அளவுக்குத் தக்கபடி மேலே கீழே மாற்றலாம். 3 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். கார்புரேட்டர் காரில் ஸ்பார்க்கை வெட்டினாலும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். அது ஹெடரில் எரிந்து சைலன்சரைப் பிளக்கும்.

டிராக்கில் டைமிங்கை 2 டிகிரி வீதம் மட்டும் கூட்டுங்கள். பார்க்க வேண்டியது 402 மீட்டர் முடிவில் இருக்கும் வேகத்தை. ஓட்ட நேரம் கிளட்ச் விட்ட விதத்தில் மாறிப்போகும், கடைசி வேகம்தான் எஞ்சின் பவரைக் காட்டும். 2 டிகிரி கூட்டியும் வேகம் ஏறவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்புங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பிளக்கைப் பாருங்கள், வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது, 4 டிகிரி குறையுங்கள். இந்தச் சோதனை எல்லாம் அனுமதி வாங்கிய ஓடுதளத்தில்தான், அவினாசி ரோட்டிலோ பைபாஸிலோ கூடாது. வீட்டுக்கும் அதே காரில்தான் திரும்ப வேண்டும் என்பதால், கிளம்பும்போது மாற்று மாட்யூல் ஒன்றும், தெர்மல் பேஸ்ட்டும், ரோட்டில் ஓட்டும் டைமிங்குக்கு டிஸ்ட்ரிபியூட்டரில் கோடு போட்ட குறியும் இருக்கட்டும்.