அகேட் பிடியில் விரிசல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அகேட் கல்லில் பிடி வைத்து ஒரு கத்தி செய்தேன். இரண்டு பித்தளை ரிவெட்டுகளையும் அடித்து முடித்த மறுநாள், துளையிலிருந்து விளிம்புவரை கல்லில் ஒரு விரிசல். படம் எடுத்தாலும் கல்லின் வரிகள் தெரிவதில்லை. பிடி முழுக்க வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

ர., கோவை

அன்புள்ள ர.,

கல்லை உடைத்தது சுத்தியல்தான். ரிவெட்டின் தலையை அடித்துப் பரத்தும்போது பித்தளை உள்ளேயும் பருத்து, துளையின் சுவரை நெட்டும். மரம் அமுங்கி இடம் கொடுக்கும், அகேட் கொடுக்காது. துளை போடும்போது விழுந்த ஒரு சிறு சில்லு போதும், அங்கிருந்து கீறல் ஓடிவிடும். ஆகவே கல்லில் ரிவெட் அடிக்கவே வேண்டாம். அதற்குப் பதில், அடிக்காமல் ஒட்டும் உலோகக் கம்பி (பின்) போதும். 4 மி.மீ. கம்பிக்கு 4.2 அல்லது 4.3 மி.மீ. துளை போட்டு, மிச்ச இடைவெளியை எபாக்சிப் பசைக்கு விடுங்கள்.

துளை போட டயமண்ட் பிட் (வைரத்தூள் பதித்த துளையூசி) வேண்டும். கல் தண்ணீருக்குள் இருக்கட்டும். கல்லின் அடியில் ஒரு மரத்துண்டை இறுக்கி வையுங்கள், ஏனென்றால் பிட் வெளியே வரும் பக்கத்தில்தான் சில்லு தெறிக்கும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் கையின் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

கல்லை எஃகின் மேல் நேரடியாக ஒட்டாமல், நடுவே 0.8 மி.மீ. ஃபைபர் ஷீட் வையுங்கள். கத்தி கீழே விழுந்தால் அதிர்ச்சியில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். ஒட்டும் பரப்புகளைக் கண்ணாடி மேல் விரித்த 120 எண் எமரித் தாளில் தேய்த்துச் சமமாக்கி, அசிட்டோனால் துடைக்க வேண்டும். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். 24 மணி நேரம் எடுப்பதே நல்லது. கிளாம்பைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். இறுக்கினால் பசை வெளியே வழிந்துவிடும். பரப்பு சமமில்லையென்றால் கல் அப்போதே வெடிக்கும்.

இப்போதுள்ள பிடியைக் கழற்ற, கத்தியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகக் கொதிக்க விடுங்கள். எபாக்சி இளகும். பதம் இறக்கும் சூடு 150 டிகிரிக்கு மேல் என்பதால் எஃகின் கடினம் கெடாது. ரிவெட் தலைகளை முதலில் அராவி எடுத்துவிட வேண்டும்.

அன்றாடம் புழங்கும் கத்தி என்றால், என் தேர்வு நெஃப்ரைட் ஜேட். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அகேட்டைவிடச் சற்று மென்மைதான், ஆனால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் உடையாது. முகலாயர் காலக் குத்துவாள்களில் ஜேட் பிடிகள் இன்றும் முழுசாக இருக்கின்றன. மலக்கைட்டைத் தவிர்த்துவிடுங்கள். கடினம் 3.5 முதல் 4தான், தூசியே கீறிவிடும். அதன் பொடியில் தாமிரம் இருப்பதால் உடம்புக்கும் கெடுதல்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: அகேட்டை ஒருபோதும் உலர்வாகச் சாணை பிடிக்காதீர்கள். அந்தத் தூசி சிலிக்கா. குஜராத்தின் கம்பாத்தில் தலைமுறைகளாக அகேட் பட்டைதீட்டும் தொழிலாளர்கள் பலருடைய நுரையீரலை, இந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் அரித்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழட்டும், என்95 முகக்கவசமும் இருக்கட்டும். தரையில் காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மெருகுக்கு டயமண்ட் பேட் (வைரத்தூள் பதித்த தேய்ப்புத் தட்டு) 220, 600, 1200, 3000 எண்கள் என்று ஏறி, கடைசியில் தோலில் சீரியம் ஆக்சைடு மெருகுப் பொடி. பேடின் அடிப்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்றிருந்தால் பித்தளையும் ஃபைபரும் முதலில் தேய்ந்து, விரலுக்குப் பள்ளம் தட்டும்.

படத்தில் தெரியும் அந்த வெள்ளை, உங்கள் விளக்கின் பிம்பம். கத்தியின் அலகுக்கு அது வேண்டும், கல்லுக்கு வேண்டாம். ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, அந்த வெளிச்சம் அலகில் வெள்ளையாகத் தெரியும்படி கத்தியை வையுங்கள். பிடிக்கு நேரே ஒரு கறுப்பு அட்டையை நீட்டினால் பளபளப்பு மறைந்து வரிகள் எழும். ஓரத்தில் மெல்லிய ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் விட்டுவையுங்கள்; மெருகு அதில்தான் தெரியும். போலரைசர் ஃபில்டரும் கல்லின் பளபளப்பைக் குறைக்கும், கேமரா சாய்வாகப் பார்த்தால் மட்டும். நேர் மேலிருந்து எடுத்தால் பயனில்லை. எஃகின் பிம்பத்தை அது அவ்வளவாகத் தொடாது.

கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 அல்லது 11, முக்காலி, இரண்டு நொடி டைமர். விரல் ரேகையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் கத்தியைக் கையுறையோடுதான் தொட வேண்டும். சாம்பல் நிற அட்டையை வைத்து வெள்ளைச் சமநிலை செய்துவிட்டால், பிறகு கணினியில் நிறத்தை ஏற்றாதீர்கள். வாங்குகிறவர் கையில் கிடைக்கும் கல்லும் அதே நிறத்தில் இருக்க வேண்டும்.